பச்சைப் பொட்டுக்கு ஒரு படி கீழே

எங்கள் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியை லூர்தம்மாள் ஐந்தாம் வகுப்பையும் அலுவலக வேலையையும் வைத்துக்கொண்டு சின்ன அறையில் இருந்தார். ஒன்று முதல் நான்கு வரை எல்லாம் என் தலையில். 2007 ஜூனில் செயல்வழிக் கற்றல் வந்தபோது பெஞ்சுகளைத் தூக்கி வராந்தாவில் அடுக்கிவிட்டு, பெரிய அறையில் பாய் விரித்து, நாலு வகுப்புப் பிள்ளைகளையும் கலந்து தரையில் உட்கார வைத்தோம். ஆசிரியரும் தரையில்தான் உட்கார வேண்டும் என்றார்கள். மூட்டு வலிக்கிறது என்று சொல்லித் தப்பிக்கிற வயது எனக்கு அப்போது வரவில்லை. லூர்தம்மாள் டீச்சருக்கு வந்திருந்தது.

பாடப்புத்தகத்தை அட்டை அட்டையாகப் பிரித்துத் தட்டுகளில் அடுக்கியிருப்போம். பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்து, முடித்துக் காட்டிவிட்டு, அடுத்த படிக்குப் போக வேண்டும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அவரவர் வேகத்தில் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மெல்லக் கற்பவன் மெல்லப் போகலாம், மீத்திறன் உள்ளவள் பறக்கலாம். பறக்கிறவளும் நடக்கிறவனும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது.

வட்டார வள மையத்திலிருந்து மதியழகன் என்ற ஆசிரியப் பயிற்றுநர் மாதம் ஒருமுறை வருவார். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது அறைக்குள் நுழைந்தவுடன் கண்ணில் பட வேண்டும் என்றார். அதனால் சார்ட் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, தரையிலிருந்து என் தலைக்கு மேல் வரை ஒரு கணக்கு ஏணி வரைந்தேன். முதல் வகுப்பு அடியில், நான்காம் வகுப்பு உச்சியில். பிள்ளைகளின் பெயரை எழுதி எழுதி அழிப்பதற்குப் பதிலாக ஆளுக்கொரு நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு. முடித்தவுடன் பொட்டை எடுத்து மேல் படியில் ஒட்டிவிடலாம். பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டாகப் போயிற்று. காலையில் வந்ததும் சாமி கும்பிடுகிற மாதிரி ஏணிக்கு முன்னால் போய் நிற்பார்கள்.

பொன்னழகு இரண்டாம் வகுப்பு. சிவப்புப் பொட்டு. அவளுடைய அண்ணன் ஈஸ்வரன் நான்காம் வகுப்பு. பச்சைப் பொட்டு. சித்தையன்கோட்டைக்குப் போகிற பாதையில் கத்தரியும் தக்காளியும் போடுகிற ஒச்சப்பனின் பிள்ளைகள். அம்மா பேச்சாயி விடிவதற்குள் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போய்விடுவாள்.

அந்தப் பெண் எப்படி என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஐம்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்கக் கடன் வாங்கிக் கழிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க நான் குச்சிக் கட்டுகளோடு உட்கார்ந்தேன். அவள் கட்டைத் தொடவே இல்லை. சிலேட்டில் முப்பத்தைந்து என்று எழுதிவிட்டாள். எப்படி என்று கேட்டேன்.

"பதினேழுக்குப் பதிலா இருபதக் கழிச்சேன் டீச்சர். மூணு கூடப் போயிருச்சுல்ல, அதத் திருப்பிக் குடுத்துட்டேன்."

யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்கு அது பெரிய காரியமாகவும் தெரியவில்லை. பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை வாங்கிச் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சொன்னதைப் பிடித்துக்கொள்கிற கெட்டிக்காரத்தனம் வேறு, இது வேறு. இரண்டாம் வகுப்பு ஏணியை ஆயுத பூஜைக்குள் முடித்துவிட்டு இந்த மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு வந்திருந்தாள். மதியழகனிடம் சொன்னேன். அவர் அவளோடு செத்த நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, சின்னாளப்பட்டிப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்துகிற உறைவிடப் பள்ளிக்கு இவள் பெயரைச் சொல்லி வைப்பதாகச் சொன்னார். அவர்கள் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடி எடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை தாங்களே படிக்க வைக்கிறார்கள். பரீட்சை கிடையாது. பிள்ளையின் பள்ளிக்கே வந்து ஒரு காலை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மார்ச்சில் வருவதாக ஏற்பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நூலகத்தில் அலமாரிகள் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தன. எங்கள் ஊரில் பெண்பிள்ளை எட்டாவது முடித்தால் வேலைக்குக் கூட்டிப்போக நூல் மில் வேன் தெருமுனைக்கே வந்து நிற்கும். நல்லா படிக்கிற பிள்ளை, படிக்காத பிள்ளை என்று வேன் பார்ப்பதில்லை. பொன்னழகு அந்த வேனில் ஏறக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

ஒச்சப்பன் திங்கட்கிழமைதோறும் சத்துணவுக்குக் காய் கொண்டுவந்து போடுவார். பிள்ளைகள் சாப்பிடுவது என்று சொத்தைக் காயைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் நிறுப்பார். தீபாவளிக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை கூடையை இறக்கிவிட்டு வாசலில் நின்றவர் ஏணியைப் பார்த்தார். எந்தப் பொட்டு யாருடையது என்று ஒரு பிள்ளை காட்டிக் கொடுத்தது. நான்காம் வகுப்பில் இருந்தாலும் ஈஸ்வரன் மூன்றாம் வகுப்பு ஏணியில்தான் நின்றுகொண்டிருந்தான். சிவப்பு அன்றுதான் பச்சையைத் தாண்டியிருந்தது. ஒச்சப்பன் வெறும் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஈஸ்வரன் சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தக்காளிச் செடிக்கு ஊன்றுகிற குச்சி. முதுகில் அதன் தடம் தடிப்புத் தடிப்பாக இருந்தது. பொன்னழகு தன் பாயிலிருந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் தோட்டத்துக்கே போனேன். குடித்துவிட்டு அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். அவர் குடிப்பதில்லை. எனக்கு உட்காரச் சாக்கை உதறிப் போட்டார்.

"நான் மூணாப்போட நின்னவன் டீச்சர். வெயில்லயே காஞ்சு போனேன். இவனாச்சும் நெழல்ல உக்காரட்டும்னு பாக்குறேன். தங்கச்சி தாண்டிப் போறா, இவன் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறான். ஒறைக்க வேணாமா?"

மகள் நன்றாகப் படிக்கிறாளே, அதில் உங்களுக்குச் சந்தோஷம் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் அவள் தாண்டும்போதெல்லாம் இவனுக்கு உறைக்க வைப்பேன் என்பதையும் அதே குரலில் சொன்னார். சொன்னபடியே அந்த மாதம் இன்னும் சில தடவை செய்தார். அன்று நான் கிளம்பும்போது நல்ல கத்தரிக்காயாகப் பார்த்துப் பறித்து என் கையில் கொடுத்திருந்தார். ஆத்திரத்தில் அதை வாய்க்காலில் எறியலாம் என்று நினைத்தேன். எறியவில்லை, குழம்பு வைத்தேன்.

கார்த்திகை பாதியில் பொன்னழகு படி ஏறாமல் நின்றுவிட்டாள். முதலில் சளி என்று நினைத்தேன். பிறகு கண் பார்வையோ என்று துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். நர்ஸம்மா பூச்சி மாத்திரை கொடுத்தார். கண்ணில் ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கு வரவில்லை. ஐம்பத்திரண்டில் பதினேழு போக நாற்பத்தைந்து என்று எழுதினாள். கீழே இருப்பது பெரிய எண்ணாக இருந்தால் அதிலிருந்து மேல் எண்ணைக் கழித்துவிடுவது ஈஸ்வரனின் பழக்கம். இவளும் அதையே செய்தாள். சிவப்புப் பொட்டு இறங்கி, பச்சைக்கு ஒரு படி கீழே வந்து நின்றது. ஒச்சப்பன் திங்கட்கிழமை வந்து பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஈஸ்வரன் சுவரில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தான்.

எனக்கு விளங்குவதற்குப் பொங்கல் கழிய வேண்டியிருந்தது. ஈஸ்வரனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் ஒரே அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் தப்பாகப் போட்டாள். தினமும் வேறு வேறு தப்பு. தெரியாத பிள்ளை ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்யும். அவன் இருந்தவரை அவன் தப்பைப் பார்த்துப் போட்டிருக்கிறாள். அவன் இல்லாததால் தானே யோசித்து யோசித்துத் தப்புச் செய்கிறாள். வராந்தாவில் பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கூப்பிட்டு, உனக்குத் தெரியும்தானே என்று கேட்டேன்.

"எனக்கு வரல டீச்சர்."

இமைக்கவே இல்லை. சரியான விடையைச் சொல்லும்போது இருக்கிற அதே முகம்.

ஏணியைக் கழற்றிச் சுருட்டி பீரோ மேல் போட்டேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் எந்தத் தட்டிலிருந்து அட்டை எடுக்கிறான் என்று பார்த்துவிட்டு இவள் முந்தைய தட்டுக்குப் போனாள். அடுத்த வாரமே மதியழகன் வந்து, சுவர் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று கேட்டு, மறுபடி ஒட்ட வைத்தார்.

பேச்சாயியைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன். பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"இப்ப வீட்ல அடி இல்ல டீச்சர். ரெண்டும் ஒன்னாத் தின்னுட்டு ஒன்னாத் தூங்குதுக. எனக்கு அது போதும்."

மில் வேனைப் பற்றிச் சொன்னேன். அவளும் அந்த வேனில் போய் வந்தவள்தான். அதற்கு இன்னும் காலம் கிடக்கிறது என்றாள். பேருந்து வந்தது. கூடையை முதலில் ஏற்றிவிட்டு அவள் ஏறினாள்.

எல்லா வழியும் அடைபட்டபின் ஒரு வழிதான் இருந்தது. அவள் பச்சையைத் தாண்டமாட்டாள் என்றால் பச்சையை ஏற்ற வேண்டும். மீத்திறன் மாணவியை முன்னேற்ற நான் செய்த வேலை இதுதான்: அவளை விட்டுவிட்டு அவளுடைய அண்ணனுக்குப் பாடம் நடத்தினேன். காலையில் பிரார்த்தனைக்கு முன்னால், மத்தியானம் சாப்பிட்ட கையோடு, சாயங்காலம் என் பேருந்து வரும்வரை. மற்றப் பிள்ளைகள் அவரவர் வேகத்தில் கிடந்தார்கள்.

ஈஸ்வரன் மோசமான மாணவன் இல்லை. அவனுக்கு நேரம் வேண்டும், அடி வாங்காத முதுகு வேண்டும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, கட்டை அவிழ்த்தால் ஒற்றைக் குச்சி கிடைக்கும் என்று காட்டிக் காட்டி, ஒரு நாள் கடன் வாங்குவது அவனுக்குப் பிடிபட்டது. ஐம்பத்திரண்டில் பதினேழு போக முப்பத்தைந்து. பச்சை ஒரு படி ஏறியது. மறுநாள் காலையிலேயே பொன்னழகும் முப்பத்தைந்து என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். சிவப்பு ஒரு படி ஏறியது. வண்டிக்குப் பின்னால் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி அவன் போகிற தூரம் அவளும் வந்தாள். கயிற்றின் நீளம் மாறவே இல்லை.

அவனுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்திருந்தேன். பிப்ரவரியில் முந்நூற்றிலிருந்து நூற்று இருபத்தெட்டைக் கழிக்கிற கணக்கில் அவன் மாட்டிக்கொண்டான். பக்கத்தில் இருப்பது பூஜ்யம், அதனிடம் கடன் கேட்க முடியாது. அதற்கும் அடுத்த வீட்டில் போய் வாங்க வேண்டும். அது அவனுக்கு ஏறவில்லை. இருநூற்று இருபத்தெட்டு, இருநூற்று இருபத்தெட்டு என்றே போட்டுக்கொண்டிருந்தான். அறக்கட்டளைக்காரர்கள் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் பொறுமை போய்ச் சிலேட்டைத் தரையில் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. அவன் அதைத் துடைத்து எடுத்துப் பைக்குள் வைத்தான். பேருந்து நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தான்.

"அவளுக்கு எல்லாம் வரும் டீச்சர். நான் நிக்கிறேன்னுதான் அவ நிக்கிறா. நான் இல்லேன்னா போயிருவால்ல?"

பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. நீ எங்கே போகப்போகிறாய், நாளைக்குச் சீக்கிரம் வா, பூஜ்யத்தை ஒரு கை பார்ப்போம் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

அவன் மறுநாள் வரவில்லை. திங்கட்கிழமை காய் கொண்டுவந்த ஒச்சப்பன்தான் சொன்னார். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மாமன் சின்னக்கண்ணு மூட்டை ஏற்றுகிற வேலை பார்க்கிறார். அங்கே கூடமாட இருக்கப் போய்விட்டான்.

"நான் அனுப்பல டீச்சர். அவனேதான் போறேன்னான். வாடான்னு கூப்புட்டும் பாத்துட்டேன், வரமாட்டேங்குறான்."

அவர் குழம்பிப்போயிருந்தார். அன்றைக்குக் கத்தரிக்காயைப் பொறுக்காமலே நிறுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பதிவேட்டிலிருந்து ஈஸ்வரன் பெயரை எடுக்க வேண்டாம் என்று லூர்தம்மாள் டீச்சர் சொல்லிவிட்டார். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் போய்விடும், நம் இரண்டு பேரில் ஒருவர் எங்கேயாவது போக வேண்டி வரும். அதனால் பெயரும் இருந்தது, பச்சைப் பொட்டும் பூஜ்யக் கழித்தல் படியிலேயே இருந்தது. நான் பொன்னழகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனிமேல் தடை இல்லை, ஓடுவாள் என்று நினைத்தேன். அவன் போனதில் எனக்குள் ஒரு ஓரத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் இருப்பதில் என்ன இருக்கிறது.

அவள் ஓடவில்லை. பச்சை நகரவில்லை, அதனால் சிவப்பும் நகரவில்லை. அவன் போனதுதான் போயிற்று, அவன் நின்ற இடம் அங்கேயே நின்றது.

மார்ச்சில் அறக்கட்டளையிலிருந்து ஆனந்தி என்ற பெண் வந்தார். நல்ல பெண். நாற்காலி வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்தார். மதியழகனும் கூட வந்திருந்தார். பொன்னழகுக்குப் பேச்சாயி புதுப் பாவாடை கட்டிவிட்டிருந்தாள். ஆனந்தி அவசரப்படவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டார், பூ எடுப்பதைப் பற்றிக் கேட்டார். அவள் கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னாள். பிறகு அவளுக்கு அடுத்ததாக இருந்த, பச்சை நின்ற படியின் அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். முந்நூற்றில் நூற்று இருபத்தெட்டு போக.

பொன்னழகு தலையைத் திருப்பி ஏணியைப் பார்த்தாள். பிறகு சிலேட்டில் எழுதினாள். இருநூற்று இருபத்தெட்டு.

இன்னும் இரண்டு கணக்குக் கொடுத்தார்கள். வாய்க்கணக்கு ஒன்று கேட்டார்கள். தெரியவில்லை என்றாள். மதியழகன் என் பக்கம் குனிந்து, அன்றைக்கு என்னோடு பேசியது இந்தப் பிள்ளைதானா என்று கேட்டார். நான் ஆனந்தியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன், குச்சி, பொட்டு, ஒட்டன்சத்திரம் எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லா ஸ்கூல்லயும் டீச்சருங்க இப்படி ஏதாவது சொல்றாங்க மேடம். பிள்ளை மேல உள்ள பாசந்தான். நான் பாக்குறதத்தான எழுத முடியும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பக்கத்து ஒன்றியத்தில் ஒரு பையனை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அவர்கள் வேறு வட்டாரத்துக்குப் போகிறார்கள், இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று மதியழகன் பிறகு சொன்னார். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று யோசித்தால் ஒவ்வொருவராக நழுவிப் போனார்கள். அன்று மத்தியானம் சாம்பார் சாதம், முட்டை. சாப்பிட்டேன். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். பொன்னழகு புதுப் பாவாடையில் சிந்தாமல் மடித்துப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

சாயங்காலம் பிள்ளைகள் போனபின் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பச்சைப் பொட்டின் பசை காய்ந்து ஒரு ஓரம் எழும்பியிருந்தது. விழுந்துவிடப் போகிறதே என்று எடுத்தேன். புதுப் பொட்டு ஒன்று எடுத்து ஒட்டும்போது கை ஒரு படி மேலே போய்விட்டது. யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். ஒட்டியபின் எடுக்கவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனேன்.

மறுநாள் காலை பொன்னழகு ஏணிக்கு முன்னால் வந்து நின்றாள். நான் வருகைப் பதிவேட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தேன். பச்சையைப் பார்த்தாள். தட்டுக்குப் போய், நேற்றைய அட்டையை எடுத்து, எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். நூற்று எழுபத்திரண்டு.

எப்படிப் போட்டாய் என்று கேட்டேன்.

"நூத்தி முப்பதக் கழிச்சுட்டு ரெண்டத் திருப்பிக் குடுத்தேன் டீச்சர்."

சிவப்பை ஒரு படி ஏற்றினேன். அன்று சாயங்காலம் பச்சையை ஏற்றினேன். அதன்பிறகு தினமும் அதுதான் வேலை. நான் ஏற்றுவது அவளுக்குத் தெரியாது என்று நினைக்க நான் முட்டாள் இல்லை. அண்ணன் ஒட்டன்சத்திரத்தில் முட்டைக்கோஸ் மூட்டைக்குக் கை கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பச்சை மேலே இருக்க வேண்டும். இருந்தால் எழுதுவாள். பெருக்கல், வகுத்தல், பின்னம் என்று மூன்றாம் வகுப்பு முடிந்து நான்காம் வகுப்புப் படிகளுக்கு இருவரும் போனார்கள். சில நாள் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று ஏற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு வேகம். அந்த வேகத்தைப் பார்த்தபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை ஒச்சப்பன் கூடையை இறக்கிவிட்டு வாசலில் நின்றார். பச்சைப் பொட்டு அவர் தலைக்கு மேலே இருந்தது. தேடிக் கண்டுபிடித்தார்.

"இது எங்க ஈஸ்வரனோடதுதான டீச்சர்?"

ஆமாம் என்றேன்.

"அவன் இங்க இல்லையே."

"அவன் ஏறுனாத்தான் இவ ஏறுறா."

அவர் பச்சையைப் பார்த்தார். அதற்கு ஒரு படி கீழே இருந்த சிவப்பைப் பார்த்தார். பாயில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"அப்ப ஏத்துங்க டீச்சர்" என்றார். கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். சத்துணவு ஆயாதான் பிறகு எடுத்துக்கொண்டு போய் வீட்டில் கொடுத்தாள்.

ஏப்ரல் கடைசியில் பச்சை உச்சிப் படிக்குப் போய்விட்டது. அதற்கு மேல் ஏணி இல்லை, தாளும் இல்லை. சிவப்பு அதற்கு ஒரு படி கீழே. கடைசி அட்டை ஒன்றே ஒன்று தட்டில் கிடந்தது. பொன்னழகு எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இது ஒன்றுதான் பாக்கி, எடுத்து எழுது என்றேன். அவள் ஏணியைப் பார்த்தாள்.

"அண்ணன் அங்கதான நிக்கிறான் டீச்சர்" என்றாள்.

மறுநாள் விடுமுறை தொடங்குகிறது. பிள்ளைகள் வெளியில் கத்திக்கொண்டிருந்தார்கள். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். லூர்தம்மாள் டீச்சரின் அறையிலிருந்து ஸ்டூலை எடுத்து வந்து போட்டு அதன்மேல் ஏறினேன். அவள் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள். பச்சைப் பொட்டை உரித்து எடுத்தேன். ஏணிக்கு மேலே வெறும் சுவர்தான், சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது. பொட்டு முதலில் ஒட்டவில்லை. கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன். ஒட்டிக்கொண்டது.

நான் இறங்குவதற்குள் அவள் கடைசி அட்டையை எடுத்திருந்தாள். எழுதி நீட்டினாள். சரியாக இருந்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை, அடுத்த அட்டைக்காகக் காத்திருந்தாள். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.